யாரும் ஆடாத ஆட்டத்துக்கு ஒரு வர்ணனை

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதக் கடைசி. டெல்லியில் வெயில் மண்டையைப் பிளக்கிற நாட்கள். தெற்கு டெல்லியில் ஒரு மைதானத்தில் பெண்களுக்கான பேஸ்பால் போட்டி நடந்துகொண்டிருந்தது. இரும்புக் குழாய்களை முடுக்கி, மேலே பலகை போட்டு, தார்ப்பாயால் கூரை கட்டிய ஓர் உயரமான மேடையில் நான் மைக்கும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. அந்த ஊர்க்காரர்களிடம் ஹாக்கி தெரியுமா என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். நானும் கல்லூரி வரை ஆடினேன். மத்திய அரசு உத்தியோகத்தில் இருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு லோதி ரோடு குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் மட்டை பரணில் ஏறிவிட்டது. வாய் மட்டும் ஓயவில்லை. ஒரு தமிழ்ப் பள்ளி விளையாட்டு விழாவில் பொழுதுபோகாமல் மைக்கைப் பிடித்து, ஓட்டப்பந்தயத்துக்கு நான் கத்திய கத்தலை ஒரு டி.வி.க்காரர் கேட்டிருக்கிறார். "ஹாக்கிக்குத் தமிழ்ல வர்ணனை சொல்ல ஆள் தேடிட்டு இருக்கோம். வர்றீங்களா மேடம்?" என்றார். நான் பதில் சொல்லும் முன் என் கணவர், "தாராளமா கூட்டிட்டுப் போங்க சார். வீட்டுல நான் ஒருத்தன்தான் கேட்டுட்டு இருக்கேன்" என்றார். மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்படித்தான் தொடங்கியது. மேட்ச் எங்கோ வெளிநாட்டில் நடக்கும். நான் நொய்டாவில் ஒரு ஸ்டூடியோவில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, டி.வி.யைப் பார்த்து, ஏதோ மைதானத்து ஓரத்தில் நிற்கிறவள் மாதிரி தொண்டை கிழியப் பேசுவேன். பழகிவிட்டது. அப்புறம் ஒருநாள், "பேஸ்பாலுக்கும் நீங்களே வந்துடுங்க" என்றார்கள். தமிழ்நாட்டு அணி வந்திருக்கிறது, இணையத்தில் நேரடியாகக் காட்டுகிறோம், ஊரில் இருக்கிறவர்கள் தமிழில் கேட்கட்டும் என்று யோசனை. எனக்கு அந்த ஆட்டத்தில் அரிச்சுவடி கூடத் தெரியாது. இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள்தான் தோசைக் கரண்டியை மட்டையாகப் பிடித்துக் காட்டி, "அம்மா, இது கிரிக்கெட் நஹீ. அடிச்சிட்டு நாலு மூலையும் சுத்தி வரணும், அச்சா?" என்று பாடம் எடுத்தாள். ஒரு வாரத்தில் தேறிவிட்டேன் என்றே நினைத்தேன்.

மைதானத்தைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் மற்றது புரியும். அடிக்கிற பெண்ணுக்குப் பின்னால் எங்கள் மேடை. எதிரே பரந்த வெளி. வலது பக்கச் சுவரை ஒட்டித் தகரம் வேய்ந்த ஒரு ஷெட். வீராங்கனைகள் உடை மாற்றவும் உட்காரவும் அதுதான். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மின்கம்பத்திலிருந்து, மைதானத்தின் வலது ஓரத்துக்கு மேலாக ஷெட்டுக்கு ஒரு மின்கம்பி போயிற்று. மேடையில் என்னோடு ஒரு காமிராக்காரர் மட்டும். நாற்பது வயசுக்காரர். விழுப்புரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம், பிறந்தது டெல்லி. காமிரா அவருடைய சொந்தக் காமிரா, அதை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடத்துகிறார். நான் பேசுவது இணையத்துக்கும் போகும், மைதானத்தில் கட்டியிருந்த இரண்டு கூம்பு ஸ்பீக்கர்களிலும் கேட்கும். தேர்தல் சமயத்தில் ஆட்டோவில் கட்டிக்கொண்டு வருவார்களே, அதே ஸ்பீக்கர், பேட்டரியில் ஓடுவது.

மத்தியானம் மூன்றரை, நான்கு மணி இருக்கும். நம் பெண்கள் தடுத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். எதிரணிப் பெண் ஓங்கி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே பறந்து, வலது கோடிச் சுவர்வரை உருண்டு போயிற்று. கோடியில் நின்ற நம் பெண் அதை எடுக்கப் போனாள். சேலத்துப் பெண், கல்லூரியில் படிக்கிறாள், டெல்லிக்கு வருவது அதுதான் முதல் தடவை. காலையில் பேட்டி எடுத்தபோது சொன்னாள்.

அப்போது காமிராக்காரர் என் தோளைத் தட்டினார். "மேடம், பீச்சே தேக்கியே. பின்னாடி பாருங்க. ஆந்தி வருது."

திரும்பிப் பார்த்தேன். மேற்கே வானம் செங்கல் நிறத்துக்கு மாறி, அந்தச் செங்கல் சுவர் அப்படியே நகர்ந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. டெல்லியில் இருப்பவர்களுக்கு ஆந்தி புதிதல்ல. கோடையில் வரும் புழுதிப் புயல்தான். ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்வோம். மைதானத்தில், அதுவும் இரும்புக் குழாய் மேடையில் உட்கார்ந்துகொண்டு அதை நான் பார்த்ததில்லை. நடுவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார். போட்டியை நடத்துகிற ஹரியானாக்காரர் விசிலை ஊதி, "அந்தர் ஆவோ! சப் அந்தர் ஆவோ!" என்று கத்தினார். எல்லாரும் உள்ளே வாங்க என்று அர்த்தம். பெண்கள் சிரித்துக்கொண்டும் கூவிக்கொண்டும் ஷெட்டுக்கு ஓடினார்கள்.

எல்லாரும் ஓடுகிறவர்களைத்தான் பார்த்தார்கள். நான் பந்தைத் தேடினேன். வர்ணனை சொல்கிறவளுக்குப் பிடித்த பீடை அது; மைதானத்தில் என்ன கலவரம் நடந்தாலும் கண் பந்துக்குத்தான் போகும். பந்து அந்தச் சேலத்துப் பெண்ணின் கையில் இருந்தது. அவள் அப்போதுதான் சுவரோரம் குனிந்து அதை எடுத்து நிமிர்ந்தாள். எல்லாரும் போவதைப் பார்த்துவிட்டு அவளும் ஷெட்டை நோக்கி ஓட ஆரம்பித்தாள்.

முதல் காற்று அடித்தது. மேடை ஒருதரம் குலுங்கியது. ஷெட்டுக் கூரையிலிருந்து ஒரு தகரம் பிய்ந்து எழும்பி மின்கம்பியில் மோதியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். துணி காயப்போடும் கொடி அறுகிற மாதிரி கம்பி அறுந்து, மைதானத்துக்குள் நீளமாக விழுந்தது. விழுந்த இடத்தில் நீலமாகப் பொறி பறந்தது. அந்தப் பெண்ணுக்கும் ஷெட்டுக்கும் நடுவில். அவள் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, நேராக அதை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள்.

மைக்கில் பேசும்போது நான் "வீராங்கனை", "அற்புதமான முயற்சி" என்றெல்லாம் இலக்கணமாகத்தான் பேசுவேன். அந்த நிமிஷம் அதெல்லாம் எங்கே போயிற்றோ! என் வாயில் வந்தது கோவில்பட்டி.

"ஏட்டி! உக்காரு! அங்கனயே உக்காருட்டி! அசையாத!"

அவள் நின்றாளா? எனக்குத் தெரியாது. நான் வாய் மூடுவதற்குள் புழுதி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. எதிரே மைதானம் இல்லை, ஷெட் இல்லை, என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்த காமிராகூட மங்கல்தான். கண்ணில், மூக்கில், பல்லிடுக்கில் எல்லாம் மண். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினேன். வயர் அறுந்து கிடக்கிறது, கரண்டு இருக்கிறது, எழுந்திருக்காதே, ஒரு அடி வைக்காதே. திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அப்புறம் இன்னொரு பயம் வந்தது. ஷெட்டுக்குள் இருப்பவர்கள் ஆள் குறைவதைக் கண்டு அவளைத் தேடி வெளியே வந்தால்? இந்திக்கு மாறினேன். தார் டூட் கயா ஹை, கம்பி அறுந்துவிட்டது, யாரும் ஷெட்டை விட்டு வெளியே வராதீர்கள், மின்சார ஆபீஸுக்குப் போன் போட்டுக் கரண்டை நிறுத்தச் சொல்லுங்கள் என்று கத்தினேன். ஷெட் பக்கத்திலிருந்து காற்றில் ஒரு விசில் சத்தம் வந்தது. ஹரியானாக்காரர் காதில் விழுந்துவிட்டது என்று கொஞ்சம் தைரியம் வந்தது.

அந்தப் பெண்ணிடமிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. எப்படி வரும்? அவளிடம் மைக்கா இருக்கிறது?

"மேடம், ஜல்தி எறங்குங்க! மேடை ஆடுது!" காமிராக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அந்தப் பொண்ணு அங்க இருக்கு. நான் எப்படி எறங்க?"

"சொல்லியாச்சு இல்ல? பஸ், போதும். வாங்க மேடம், உங்களுக்கும் வீட்டுல குழந்தை இருக்கு!"

அவர் சொன்னதும் நியாயம்தான். என் மகளின் முகம் வந்துபோனது. எழுந்தே விட்டேன் என்று வையுங்கள். இறங்குகிற ஏணியில் ஒரு காலையும் வைத்துவிட்டேன். அந்தக் கொஞ்ச நேரம் ஸ்பீக்கர்கள் அமைதியாக இருந்தன. அந்த அமைதி எனக்கே தாங்கவில்லை. கண் தெரியாத புழுதியில் தனியாக உட்கார்ந்திருப்பவளுக்கு எப்படி இருக்கும்? பேசிக்கொண்டிருந்த குரல் நின்றால் என்ன நினைப்பாள்? எல்லாரும் போய்விட்டார்கள், நாமும் போகலாம் என்றுதானே எழுந்திருப்பாள்? ஓடிப்போய் மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் எத்தனை தடவைதான் எழுந்திருக்காதே என்று சொல்வது? ஒரே வாக்கியத்தைச் சொல்லச் சொல்ல அதற்கு அர்த்தமே போய்விடுகிறது. எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். வர்ணனை சொல்ல ஆரம்பித்தேன். முதலில் அவளையே சொன்னேன். வலது கோடியில் நம் வீராங்கனை உட்கார்ந்திருக்கிறார், பந்து அவர் மடியில் இருக்கிறது, யார் வந்து கேட்டாலும் கொடுக்கப் போவதில்லை. பிறகு ஒரு ஹாக்கி ஆட்டத்தைத் தொடங்கினேன். அப்படி ஓர் ஆட்டம் எங்குமே நடந்ததில்லை. எங்கள் ஊர்க் கரிசல் மண்ணில், நான் படித்த காலத்துத் தோழிகளை எல்லாம் ஒரு பக்கம் நிறுத்தினேன். எதிரணிக்கு ஆள் கிடைக்காமல் எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்களை நிறுத்தினேன். மேல் மாடி மாமி கோல்கீப்பர். பந்து வருகிறது, மாமி புடவையை இடுப்பில் செருகிக்கொள்கிறார், தடுத்துவிட்டார்! என்னமாய்த் தடுத்தார்! கேட்கிறவர்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். நடுநடுவே, "ஏட்டி, இருக்கியாட்டி?" என்று கேட்டேன். காற்றுதான் பதில் சொன்னது.

காமிராக்காரர் போய்விட்டார் என்று நினைத்தேன். போகவில்லை. மேடைக் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே குந்தியிருந்தார்.

பிறகு இடி இடித்தது. அதுவரை இருந்த பயம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. புழுதிக்குள்ளேயே மழை விழ ஆரம்பித்தது. முதலில் சேற்றுத் துளி, அப்புறம் கொட்டு கொட்டென்று கொட்டியது. தரையில் கரண்டு கம்பி, மேலே மின்னல், நடுவில் திறந்த வெளியில் ஒரு பெண். அவளை அங்கே உட்காரச் சொன்னது நான். தண்ணீர் தேங்கி, கம்பியிலிருந்து கரண்டு அவள் இருக்கும் இடம்வரை வந்துவிட்டால்? மின்னல் விழுந்தால்? எழுந்து வா என்று சொல்லலாமா? சொன்னால் எந்தப் பக்கம் வரச் சொல்வது? சுவர்ப் பக்கம் போகச் சொல்லலாம் என்றால், கண் தெரியாமல் திசை மாறி நேராகக் கம்பிக்கே போனால்? அவளுடைய அம்மாவிடம் போய் என்ன சொல்வேன்? இவ்வளவும் மனசுக்குள் ஓடுகிறது, வாய் பாட்டுக்கு மேல் மாடி மாமியை ஓட விட்டுக்கொண்டிருக்கிறது.

ஸ்பீக்கர் கரகரவென்றது. தார்ப்பாய்க் கூரை ஒரு பக்கம் பிய்ந்து, மழை நேராக ஆம்ப்ளிஃபையர் மேல் விழுந்துகொண்டிருந்தது. அது போனால் என் குரல் போச்சு. நான் முந்தானையை எடுப்பதற்குள் காமிராக்காரர் எழுந்தார். காமிராவுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைச் சரக்கென்று உருவி, ஆம்ப்ளிஃபையருக்குப் போர்த்தி, அதன் மேல் குடை மாதிரி தானே கவிழ்ந்துகொண்டார். காமிரா மழையில் நனைந்துகொண்டு நின்றது.

"ஐயோ, காமிரா!" என்றேன். அதுவும் மைக்கில் கேட்டுவிட்டது.

"சோடியே மேடம், அத விடுங்க. நீங்க பேசுங்க. நிறுத்தாதீங்க."

பேசினேன். ஹாக்கி முடிந்துபோயிற்று. மாமி அணிதான் ஜெயித்தது. அதற்கு மேல் ஆட்டம் வரவில்லை. வீட்டில் என்ன குழம்பு என்று சொன்னேன். ராத்திரி எங்கள் வீட்டுக்கு வா, சுடச்சுடச் சோறு போடுகிறேன், ஆனால் இப்போது எழுந்திருக்காதே என்றேன். ஒரு கட்டத்தில் அழுகையும் பேச்சும் சேர்ந்தே வந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. காமிராக்காரர் பிறகு, "ஒரு இன்னிங்ஸ், இருபது நிமிஷம் இருக்கும் மேடம்" என்றார்.

மழை புழுதியை அடக்க அடக்க மைதானம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. முதலில் ஷெட். அதன் வாசலில் ஒரு கையைக் குறுக்கே நீட்டி மற்றவர்களை மறித்தபடி நின்ற ஹரியானாக்காரர், மறு கையில் இருந்த போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பிறகு தரையில் கம்பி. பிறகு அவள்.

சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கை உறையைத் தலைக்கு மேல் கவிழ்த்திருந்தாள். நான் நினைத்த இடத்தில் அவள் இல்லை. அதைத் தாண்டி ஓடி வந்த பிறகுதான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கால் நுனிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவுதான் இடம் இருந்தது.

உடனே, நிறுத்தக்கூடாதே என்ற பயத்தில், "இருட்டி, இருட்டி, இன்னும் கொஞ்சம்" என்றேன். ஹரியானாக்காரர் போனைத் தூக்கிக் காட்டி, "பந்த் ஹோ கயா! கரண்ட் பந்த்!" என்று கூவினார். கரண்டு நின்றுவிட்டது. அப்படியும் அவர் யாரையும் நேராகப் போக விடவில்லை. அவரும் பயிற்சியாளரும் கம்பியை விட்டு வெகுவாக விலகிச் சுற்றிக்கொண்டு போய், பின்பக்கமாக அவளைத் தூக்கி எழுப்பி அழைத்து வந்தார்கள். அவளுக்குக் கால் மரத்துப்போய் நடக்க வரவில்லை.

நான் எப்படி ஏணியில் இறங்கினேன் என்று நினைவில்லை. கீழே வந்ததும் ஷெட்டுக்கு ஓடினேன். ஷெட்டில் அவளுக்கு யாரோ துண்டு போர்த்தி டீ கொடுத்திருந்தார்கள். முகமெல்லாம் சேறு, கண் மட்டும் தெரிந்தது. போய்க் கட்டிக்கொண்டேன். நான் தேம்பத் தேம்ப அழ, அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"வயர் இருக்குன்னு சொன்னேனே, பயந்துட்டியாம்மா?" என்று கேட்டேன்.

அவள் விழித்தாள். "வயரா? எந்த வயருங்க்கா?"

பக்கத்தில் இருந்தவர்கள் கம்பியைக் காட்டினார்கள். அவள் அதைப் பார்த்தாள். டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உக்காருட்டின்னு ஒருக்கா கேட்டுச்சுங்க்கா. யாரோ திட்றாங்கன்னு நினைச்சு உக்காந்துட்டேன். அதுக்கப்புறம் காத்து சத்தத்துல ஒரு வார்த்தைகூட வெளங்கல. என்னத்துக்கு உக்கார சொன்னாங்கன்னே தெரியல. ரெண்டு மூணு வாட்டி எந்திரிச்சு வந்துரலாம்னு பாத்தேன்."

"அப்புறம் ஏம்மா வரல?"

"நீங்க பேசிட்டே இருந்தீங்களேக்கா. அவ்ளோ ஒசரத்துல அந்தக்கா இன்னும் போகாம இருக்காங்கன்னா, ஏதோ காரணம் இருக்கும்னு இருந்தேன். நடுவுல ஒருக்கா சத்தம் நின்னுச்சு. அப்ப எந்திரிச்சுட்டேன். ஒரு எட்டு வெச்சேன். மறுபடியும் நீங்க பேசுனீங்க. உக்காந்துட்டேன்."

ஏணியில் நான் ஒரு காலை வைத்த நேரம் அது. என்னால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து, மழையில் நனைந்த காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த மனிதரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகும் ஹாக்கிக்கும் பேஸ்பாலுக்கும் எத்தனையோ ஆட்டங்களுக்குப் பேசிவிட்டேன். இன்றைக்கும் வார்த்தை கிடைக்காமல் ஒரு விநாடி மைக்கில் மௌனமானால், எங்கோ கண் தெரியாத இடத்தில் என்னை நம்பி உட்கார்ந்திருக்கும் ஒருத்தி எழுந்து ஓர் அடி எடுத்து வைப்பது எனக்குத் தெரிகிறது, உடனே ஏதாவது பேசிவிடுகிறேன்.